அவ்வளவு குளிரான மேகத்துக்குள் நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது?

"நட்சத்திரங்கள் வாயு மேகங்களில் பிறக்கின்றன என்கிறார்கள். அந்த மேகங்கள் மைனஸ் 260 டிகிரி குளிரில் இருக்கின்றன என்றும் சொல்கிறார்கள். அங்கே அத்தனை சூடு எங்கிருந்து வருகிறது?" என்பது உங்கள் கேள்வி.

அந்தக் குளிர் இருப்பதால்தான் நட்சத்திரமே பிறக்க முடிகிறது. சூடான வாயு விரியப் பார்க்கும், ஈர்ப்பு விசையோ அதைச் சுருக்கப் பார்க்கும். எவ்வளவு நிறை சேர்ந்தால் ஈர்ப்பின் கை ஓங்கும் என்று 1902-இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குப்படி, அடர்த்தி மாறாமல் வெப்பநிலை மட்டும் 10 மடங்கு ஏறினால், மேகம் சரிவதற்குத் தேவையான நிறை 30 மடங்குக்கு மேல் ஏறிவிடும். 10 கெல்வினில், அதாவது மைனஸ் 263 டிகிரியில் இருக்கும் அடர்ந்த வாயுத் திரளுக்கு, சூரியன் அளவோ அதைப்போல் சில மடங்கோ நிறை இருந்தாலே போதும். வெதுவெதுப்பான மேகத்தில் இது நடக்காது.

"அடர்ந்த" என்றதும் நம்மூர் மேகத்தை நினைத்துவிடாதீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இருக்கும் மூலக்கூறுகளை எழுத 25 போட்டு 18 பூஜ்யம் சேர்க்க வேண்டும். நட்சத்திரம் பிறக்கும் திரளில் அதே இடத்தில் பத்தாயிரம், லட்சம் என்ற கணக்கில்தான் மூலக்கூறுகள் இருக்கும். ஆய்வகத்தில் நாம் உண்டாக்கும் நல்ல வெற்றிடம்கூட இதைவிட நெரிசலானது. ஆனால் பரப்பு பெரிது என்பதால் மொத்த நிறை கூடிவிடுகிறது.

மேகம் இவ்வளவு குளிர்வதற்குத் தூசுதான் முக்கியக் காரணம். மேகத்தின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசு, மற்றதெல்லாம் வாயு. ஆனால் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி உள்ளே புகாமல் அது தடுத்துவிடும். ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து மூலக்கூறாவதும் தூசுத் துகள்களின் மேல்தான். உள்ளே மிச்சமிருக்கும் வெப்பத்தைக் கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் ரேடியோ அலைகளாக வெளியேற்றிவிடுகின்றன. 1970-இல் ஓரியன் மேகத்திலிருந்து வரும் இந்த அலைகளை முதன்முதலில் பிடித்தார்கள். இவ்வளவு குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு தன் இருப்பைக் காட்டிக்கொள்வதே இல்லை. அதனால் இன்றும் மேகங்களின் வரைபடம் போடுவதற்கு வானியலாளர்கள் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

பிறப்புக்கு முந்தைய நிலையைப் பார்க்க பார்னார்டு 68 என்ற இருண்ட வாயுத் திரள் நல்ல உதாரணம். அரை ஒளியாண்டு அகலம், சூரியனைப்போல் சுமார் இரண்டு மடங்கு நிறை. படத்தில் பார்த்தால் வானத்தில் யாரோ மையைக் கொட்டியதுபோல் கறுப்பாக இருக்கும், நடுவில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. அகச்சிவப்பில் எடுத்த படத்தில், அதே இடத்தில் பின்னாலுள்ள நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிகின்றன. அவற்றின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை அளந்தே உள்ளே தூசு எப்படிப் பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இந்தத் திரள் சரிவின் விளிம்பில் நிற்கிறது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? விழுவதிலிருந்துதான். வாயு உள்நோக்கி விழும்போது அதன் ஈர்ப்பு ஆற்றல் வெப்பமாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அப்படித்தான். ஆனால் முதலில் அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிராக உடனுக்குடன் வெளியே ஓடிவிடுவதால், சரிந்துகொண்டிருக்கும்போதும் திரள் குளிராகவே இருக்கும். நடுப்பகுதி கதிர்கூட வெளியேற முடியாத அளவுக்கு நெருங்கிய பிறகுதான் வெப்பநிலை ஏறத் தொடங்கும். சுமார் 2,000 கெல்வினில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உடையும், அப்போது மறுபடியும் ஒரு சரிவு. அதன்பின் மையத்தில் நிற்பது குழந்தை நட்சத்திரம். இன்னும் அணுக்கரு இணைவு தொடங்கவில்லை, இருந்தாலும் சுருங்கும் வெப்பத்திலேயே நன்றாக ஒளிரும். மையம் ஒரு கோடி டிகிரியைத் தொட்டு ஹைட்ரஜன் இணைவு நிலைபெற, சூரியன் போன்ற நட்சத்திரத்துக்குச் சில கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

வெப்பத்தைப் போலவே சுழற்சியையும் தொலைத்தாக வேண்டும். திரளில் இருக்கும் மெல்லிய சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகமெடுக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டால் நட்சத்திரமாகும் முன்பே சிதறிவிடும். அதனால்தான் பெரும்பகுதி வாயு முதலில் ஒரு தட்டாகப் படிகிறது. கொஞ்சம் வாயு இரு துருவங்கள் வழியாகத் தாரைகளாகப் பீய்ச்சி அடிக்கப்படும்போது சுழற்சியையும் எடுத்துக்கொண்டு போகிறது. 2014-இல் சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கிகள் எடுத்த, ஹெச்எல் டௌ என்ற குழந்தை நட்சத்திரத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். வளையம் வளையமாக அந்தத் தட்டு அப்படியே தெரியும். வானத்தில் ரோகிணி இருக்கும் பக்கம்தான் அதுவும் இருக்கிறது, ஆனால் தொலைவு சுமார் 450 ஒளியாண்டு.

என்னைக் கேட்டால், நட்சத்திரங்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பிறக்கின்றன என்பதுதான் இதைவிடப் பெரிய புதிர். நம் பால்வெளியில் மூலக்கூறு வாயு மட்டும் சுமார் 100 கோடி சூரிய நிறை இருக்கிறது. எல்லாம் தடையின்றிச் சரிந்தால் ஆண்டுக்குப் பல நூறு சூரியன்கள் கிடைக்க வேண்டும். உண்மையில் கிடைப்பதோ ஒன்றிரண்டு சூரியன்களுக்கான நிறைதான். மேகத்துக்குள் நடக்கும் கொந்தளிப்பு, காந்தப்புலம், ஏற்கெனவே பிறந்த பெரிய நட்சத்திரங்களின் கதிரும் காற்றும் எல்லாம் சேர்ந்து மற்ற வாயுவைக் கலைத்துவிடுகின்றன. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

நேரில் பார்க்க ஆசையா? ஜனவரி மாத முன்னிரவில் ஓரியனின் மூன்று இடுப்பு நட்சத்திரங்களுக்குக் கீழே தேடுங்கள். மங்கலான ஒரு பஞ்சுத் துணுக்கு தெரியும். அதுதான் சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா. பைனாகுலரில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் "என்ன, சாம்பலாக இருக்கிறதே" என்றுதான் என்னிடம் சொல்வார்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, அவ்வளவுதான். அப்புறம், நீங்கள் பார்க்கும் அந்த ஒளிரும் பகுதி, பிறந்து முடித்த பெரிய நட்சத்திரங்கள் சூடாக்கிய வாயு. அடுத்த தலைமுறை உருவாவது அதற்குப் பின்னாலிருக்கும் குளிர்ந்த, இருண்ட மேகத்தில்.

கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியும் படங்களில் நீல மூட்டம் தெரியும். அது அவற்றைப் பெற்ற மேகம் என்று பலர் எழுதுகிறார்கள், நம்பாதீர்கள். அந்த நட்சத்திரங்களுக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு, பிறந்த மேகம் கலைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது போகிற வழியில் வேறொரு தூசு மேகத்துக்குள் நுழைந்திருக்கின்றன.