பன்னிரண்டு கதைகளும் ஒரு வீட்டின் பெயரும்

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே சிறுகதை எழுதி வருகிறேன். இந்த ஆண்டு பன்னிரண்டு கதைகள் எழுதுவதென்று தை மாதத்தில் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் குறித்து வைத்தேன். ஆடி பிறந்துவிட்டது, முடிந்தவை மூன்றுதான், அவற்றிலும் இரண்டு பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டன. எழுத முடிகிறதே என்று நன்றியோடு இருக்கச் சொல்கிறார் தோழி. இலக்கு வைப்பதா, இருப்பதில் நிறைவு காண்பதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பன்னிரண்டு என்பது அறுவடைக் கணக்கு. கதை எப்போது முடியும், எந்தப் பத்திரிகை ஏற்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இரவில் முக்கால் மணி நேரம் மேசைமுன் உட்காருவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. நாட்குறிப்பில் அதை எழுதுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சற்றும் வியக்காமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியருக்கு அது எத்தனை சங்கடமாக இருந்திருக்கும்! அன்று அவர் தலையில் ஏற்றிக்கொண்ட வேலை, முதலியாருக்குப் பாடம் சொல்லும் அளவுக்கு அந்த ஒரு நூலை விளங்கிக்கொள்வது, அவ்வளவே. புரியாத சமண வழக்குகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். நூல் அச்சேறியது 1887இல். அதற்குள் ஆண்டுக்கு இத்தனை நூல் என்று அவர் கணக்கு வைத்திருந்தால், ஆறு ஆண்டுகள் தோற்றவராகவே தம்மை எண்ணியிருப்பார்.

நன்றியைப் பற்றியும் அவரிடமே கேட்கலாம். கல்லூரிப் பதவியைத் தமக்கு வாங்கித் தந்தவர் தமக்கு முன் அங்கிருந்த தியாகராச செட்டியார் என்பதை மறவாமல், பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் அமைந்த தம் வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். உங்கள் தோழி சொல்லும் நன்றி, பொதுவாக வானத்தைப் பார்த்துச் சொல்வது. இது ஆள் பெயர் தெரிந்த நன்றி. எழுதுகிறவருக்கு இதுவே பயன்படும் என்பது என் கட்சி, ஏனென்றால் யாரால் எது வந்தது என்று யோசிக்கும்போது எழுத்தில் எது தேறியது என்பதும் தெரிந்துவிடுகிறது. என் முதல் கதையைத் திருப்பி அனுப்பிய உதவியாசிரியர் ஒருவர், 'கடைசிப் பத்தி வேண்டாம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு மாதம் கோபமாக இருந்தேன். பிறகு அந்தப் பத்தியை எடுத்தேன், கதை வெளிவந்தது. அவருக்கு ஓர் அஞ்சலட்டை போடத் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

திரும்பி வந்த உங்கள் பிரதிகளிலும் அப்படி ஏதேனும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கதைகள் முடிந்தன, இரண்டு திரும்பின என்கிறீர்கள், மூன்றாவது எங்கே? மேசை அறைக்குள் கிடந்தால், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.