சத்தம் போடாத கேபினட் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன தடவை வீட்டு கம்ப்யூட்டர் சத்தத்தப் பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு ரெண்டு வரில பதில் சொல்லிட்டு விட்டுட்டேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதே விஷயம்தான். அதனால இந்த வாரம் முழுக்க கேபினட். வீட்ல நாம சிபியூன்னு சொல்ற அந்தப் பெட்டி, கடைல கேபினட்னு கேட்டாதான் எடுத்துக் காட்டுவாங்க. கடிதங்கள சுருக்கியிருக்கேன்.

கே: அஞ்சு வருஷம் ஆன டெஸ்க்டாப், பெட்ரூம்லதான் இருக்கு. ராத்திரி ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை பார்த்தா சத்தத்துல கைக்குழந்தை முழிச்சிக்குது. ஆன்லைன்ல 6,000 ரூபாய்க்கு "சைலன்ட்" கேபினட் பார்த்தேன், வாங்கலாமா சார்? (மதுரை வாசகி)

இப்போதைக்கு வாங்காதீங்கம்மா. கேபினட் தகரப்பெட்டி, அது தானா சத்தம் போடாது. உள்ள எது போடுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. சைடு கதவ கழட்டிட்டு மெஷின ஆன் பண்ணி, ஒரு நியூஸ்பேப்பர குழல் மாதிரி சுருட்டி காதுல வச்சு ஒவ்வொரு இடமா கேளுங்க, பிராசசர் பேன், பின்னாடி இருக்கற கேபினட் பேன், எல்லாத்துக்கும் கரன்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி, ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லன்னா இந்த நாலுல ஒண்ணாத்தான் இருக்கும். முடி, துப்பட்டா எதுவும் பேன் பக்கம் போகாம பார்த்துக்குங்க. அஞ்சு வருஷ மெஷின்னா என் சந்தேகம் பிராசசர் பேன் மேலதான், அதுக்கு அடியில இருக்கற அலுமினிய தகடுகளுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கும், பிராசசருக்கும் அந்தத் தகடுக்கும் நடுவுல தடவற தெர்மல் பேஸ்ட்டும் காஞ்சிருக்கும். சுத்தம் பண்ணி புது பேஸ்ட் வச்சாலே பாதி சத்தம் அடங்கிடறத நிறைய வீட்ல பார்த்திருக்கேன். அடுத்து பயாஸ்ல, அதாவது மெஷின் ஆன் ஆகறப்ப கீ அமுக்கிப் போற செட்டிங்ல போய் பேன் செட்டிங்க பாருங்க, அசுஸ் மதர்போர்டுன்னா கியூ-பேன்னு இருக்கும், எம்எஸ்ஐ, ஜிகாபைட்ல ஸ்மார்ட் பேன். நிறைய மெஷின்ல இது புல் ஸ்பீட்லயே விட்டிருப்பாங்க, அத சைலன்ட்டுக்கு மாத்த காசே செலவில்ல.

அப்பவும் அடங்கலேன்னா பிராசசர் மேல உக்கார்ற உயரமான டவர் கூலர் ஒண்ணு வாங்குங்க. 120 மிமீ பேன் வச்ச டவர் கூலர் பொதுவா 150லேர்ந்து 160 மிமீ உயரம் வரும், உங்க கேபினட் அந்த உயரத்த ஏத்துக்குமான்னு பார்த்துட்டு வாங்குங்க. சத்தம் எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வந்தா தயவுசெஞ்சு அத பிரிக்காதீங்க, பிளக்க பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல கரன்ட் நிக்கும். அத அப்படியே மாத்திடுங்க.

அந்த "சைலன்ட்" கேபினட்ட நான் குறை சொல்லல. ஸ்வீடன் கம்பெனி பிராக்டல் டிசைனோட டிஃபைன் வரிசை மாதிரி கதவுக்கு உள்பக்கம் சத்தத்த உறிஞ்சற அட்டை ஒட்டின பெட்டிகள் நிஜமாவே நல்லா பண்ணினது. ஆனா அது கீச்சுன்னு வர்ற சத்தத்தத்தான் நல்லா அமுக்கும், காத்து வழியையும் கொஞ்சம் குறைக்கும், மதுரைல மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல அந்தக் கணக்கு வேற. முதல்ல சுத்தம் பண்ணிப் பாருங்க, 6,000 ரூபாய் கைலயே இருக்கட்டும்.

கே: மூணு பேன் இருக்கற கேபினட்ட விட ஆறு பேன் இருக்கறதுல சத்தம் கம்மியா வருமா? (சேலம்)

அதே பேன் அதே வேகத்துல ஓடினா கம்மி ஆகாது, 3 டெசிபல் கூடும்.

கே: முன்னாடியும் சைடுலயும் கண்ணாடி வச்ச கேபினட், நாலு கலர் லைட் பேனோட வாங்கினேன். ரூம்ல பேசினா கேக்க மாட்டேங்குது. பயாஸ்ல பேன் வேகத்த குறைச்சாலும் ஒண்ணும் மாறல. போர்டு போயிடுச்சா அண்ணா? (கோயம்புத்தூர்)

போர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்கள ஏமாத்தியிருக்காங்க. பல வருஷமா எனக்கு ஆறாத கோபம் இது, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

கேபினட்டோட வேலை முன்பக்கமா குளிர்ந்த காத்த எடுத்து பின்பக்கமும் மேலயும் சூட்ட வெளிய தள்றது. முன்பக்கத்த முழுசா கண்ணாடி போட்டு அடைச்சிட்டு ஓரத்துல சுண்டு விரல் நுழையாத சந்து வழியா காத்து வரட்டும்னு விட்டா, ஜன்னல சாத்திட்டு எக்ஸாஸ்ட் பேன் போட்ட சமையக்கட்டு மாதிரிதான் ஆகும். காத்து பத்தாம உள்ள சூடு ஏறும், சூடு ஏற ஏற பிராசசர் பேனும் கிராபிக்ஸ் கார்டு பேனும் வேகத்த கூட்டிக்கிட்டே போகும், அந்த வேகம்தான் உங்களுக்குக் கேக்கற சத்தம். ஒரு பேனோட வேகத்த பாதியா குறைச்சா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், 10 டெசிபல் இறங்கினாலே காதுக்கு பாதி ஆன மாதிரி இருக்கும். வலை மாதிரி ஓட்டை போட்ட முன்பக்கம் வச்ச கேபினட்ல உள்ள சத்தம் தடையில்லாம வெளிய வரும்னு சொல்லுவாங்க, வாஸ்தவம்தான், ஆனா அங்க பேன் மெதுவா ஓடினாலே போதும்ங்கறதால சத்தம் உண்டாகறதே கம்மி.

அடுத்தது வயர்ல பண்ற வேலை. உங்க பேன் வயர் எங்க போய் சொருகியிருக்குன்னு பாருங்க. எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்ற பெரிய நாலு ஓட்டை பிளாஸ்டிக் கனெக்டர்ல, அதாவது மோலெக்ஸ்ல சொருகியிருந்தா அந்த பேனுக்கு எப்பவும் நேரா 12 வோல்ட் போகும், போர்டுக்கு அப்படி ஒரு பேன் இருக்கறதே தெரியாது, நீங்க பயாஸ்ல தலைகீழா நின்னாலும் வேகம் குறையாது. போர்டோட பேசற பேனுக்கு சின்ன கனெக்டர் இருக்கும், மூணு பின் இல்லன்னா நாலு பின். மூணு பின்னா இருந்தா பயாஸ்ல அந்த பேனுக்கு டிசி மோடு வைக்கணும், பிடபிள்யூஎம்ங்கற நாலு பின் மோடுல விட்டா அதுவும் புல் ஸ்பீட்லதான் ஓடும். இன்னும் சிலதுல ஆறு பின் வச்சு அவங்க குடுக்கற ஹப்ல மட்டும்தான் சொருக முடியும், ஒரு பேன் போனா வெளிய தனியா வாங்கிப் போடவும் முடியாது. லைட் எத்தனை கலர்ல எரியும்னு பெட்டில பெருசா போடறவங்க, பேன் வயர் எத்தனை பின்னுனு ஒரு வரி போட மாட்டேங்கறாங்க. வாங்கறவங்களுக்கு தெரிய வேண்டிய விஷயமே அதுதானே, அத மறைச்சு விக்கறத எப்படி நியாயம்னு சொல்றது?

2019ல நானும் இப்படி ஒண்ணு வாங்கினேன், 7,200 ரூபாய். அடுத்த வருஷம் லாக்டவுன்ல பையனுக்கு அதுலதான் ஆன்லைன் கிளாஸ், டீச்சர் பேசறது கேக்கலன்னு ஹெட்போன் வால்யூம கூட்டிக் கூட்டி வச்சு அவனுக்கு தலைவலியே வந்துடுச்சு. ஒருநாள் முன் கண்ணாடிய கழட்டி வச்சுப் பார்த்தேன், கிராபிக்ஸ் கார்டு சூடு 83லேர்ந்து 74க்கு இறங்கிச்சு, சத்தமும் கூடவே இறங்கிச்சு. ஒரு வருஷம் அந்தப் பிள்ளைய அதுக்கு முன்னாடி உக்கார வச்சோமேங்கறது இன்னும் மனசுல இருக்கு.

நீங்க செய்ய வேண்டியது, அந்த நாலு பேனையும் கழட்டிட்டு நாலு பின் வச்ச 120 மிமீ பேன் மூணு வாங்குங்க, முன்னாடி ரெண்டு உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. போர்டுல SYS_FAN, இல்லன்னா CHA_FAN னு எழுதியிருக்கற இடத்துல சொருகுங்க. முன் கண்ணாடி கழட்ட வர்ற மாதிரி இருந்தா கழட்டிட்டு, காந்தம் வச்ச தூசி வலை கடைல கிடைக்கும், அத ஒட்டுங்க. ரொம்ப மலிவான பேன் வேண்டாம். மூணு 600 ரூபாய்னு வாங்கி எட்டே மாசத்துல பேரிங் கரகரன்னு ஆகி மூணையும் தூக்கிப் போட்டிருக்கேன்.

கே: 32 செமீ நீள கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன், புது கேபினட்ல 28க்கு மேல போகல. கடைக்காரர் சொல்லவே இல்ல. ரெண்டுல ஒண்ண திருப்பித் தர முடியுமா? (தாம்பரம்)

கார்டு நீளமும், கேபினட்ல எவ்வளவு இடம்ங்கறதும் அந்தந்த கம்பெனி குடுக்கற விவரத்துல இருக்கு. ரெண்டையும் படிக்காம காசு குடுத்துட்டு கடைக்காரர் சொல்லலன்னா எப்படி? ரெண்டுமே பழுதில்லாத பொருள், கட்டாயமா எடுத்துக்கணும்னு நீங்க சட்டம் பேச முடியாது, அவர்கிட்ட தன்மையா கேட்டுப் பாருங்க, வித்தியாசத்த குடுத்து பெரிய கேபினட் மாத்திக்குங்க. ஆன்லைன்ல வாங்கியிருந்தா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள அனுப்பிடுங்க.

இதே மாதிரி இந்த மாசம் நாலு கடிதம், அதனால எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன். முதல்ல போர்டு அளவு, ஏடிஎக்ஸ்னா 305க்கு 244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170, பெரிய கேபினட்ல சின்ன போர்டு உக்காரும், சின்னதுல பெருசு உக்காராது. அப்புறம் கார்டு நீளம், கூலர் உயரம், எஸ்எம்பிஎஸ் சாதா ஏடிஎக்ஸ் சைஸா சின்ன எஸ்எஃப்எக்ஸா. முன்னாடி பேனோ வாட்டர் கூலரோட ரேடியேட்டரோ மாட்டினா கார்டுக்கு இருக்கற இடத்துல அந்தத் தடிமன் கழியும், இதத்தான் நிறைய பேரு மறக்கறாங்க. ஒரு டேப் எடுத்து அளந்து துண்டுச் சீட்டுல எழுதிட்டு கடைக்குப் போங்க, பத்து நிமிஷ வேலை.

கே: சத்தத்த அடக்க கேபினட் உள்ள தெர்மாகோல் ஒட்டலாமா? (ஈரோடு)

வேண்டவே வேண்டாம். சூடு உள்ளயே நிக்கும், தெர்மாகோல் தீப்பிடிக்கற பொருள் வேற.

கே: நான் காலேஜ் செகண்ட் இயர். அப்பா கூலி வேலை. சேர்த்து வச்ச 4,500 ரூபாய்க்கு சென்னைல ஒரு கடைல கேபினட் வாங்கிட்டு ஊருக்கு வந்து பிரிச்சா, ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் தேஞ்சு, ஒரு பேன் இறக்கை உடைஞ்சு, உள்ள தூசி. யாரோ யூஸ் பண்ணினது. போன் பண்ணினா "விற்ற பொருள் வாபஸ் கிடையாது, பில்லுலயே இருக்கு" னு கட் பண்றாங்க. அதுவும் பில் இல்ல, எஸ்டிமேட் துண்டு. நான்தான் அங்கயே பிரிச்சுப் பார்த்திருக்கணும். (திருநெல்வேலி)

தம்பி, சீல் பிரிச்ச பொருள புதுசுன்னு வித்தது அவங்க. உங்கள நீங்களே திட்டிக்காதீங்க.

அந்த "வாபஸ் கிடையாது" வரிய பார்த்து பயப்படவே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை எதெதுன்னு சொல்லுது. பழுதான பொருள திரும்ப வாங்கி பணத்த குடுக்க மறுக்கறது அதுல வருது, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள்னு சட்டமே கெடு வைக்குது. பழைய பொருள புதுசுன்னு விக்கறதும் அதுலயே வருது. பில் குடுக்காததும்தான். அவங்க ஒரு தப்ப மறைக்க நீட்டற துண்டே இன்னொரு தப்புக்கு சாட்சி, பத்திரமா வைங்க.

இன்னைக்கே தேஞ்ச ஓட்டை, உடைஞ்ச இறக்கை, பெட்டி மேல ஒட்டின டேப் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. ஜிபே பண்ணியிருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட், கடைக்கு நீங்க அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் சேர்த்து வைங்க. 30 நாள் தாண்டறதுக்குள்ள, என்ன வாங்கினீங்க, என்ன குறை, பணம் திரும்ப வேணும், 15 நாள் டைம்னு ஒரு பக்கத்துல எழுதி ஸ்பீட் போஸ்ட்ல கடைக்கு அனுப்புங்க. கூடவே 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், அவங்க மூலமா கேக்கறப்ப நிறைய கடைக்காரங்க இறங்கி வந்துடறாங்க. வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், முக்கியமா நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், அதனால சென்னைக்கு அலைய வேண்டாம், திருநெல்வேலியே போதும். லெட்டர எழுதி எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, நான் படிச்சு திருத்தித் தர்றேன். பணம் வர்ற வரைக்கும் அந்த கேபினட்ல போர்ட மாட்டிடாதீங்க, அப்புறம் யூஸ் பண்ணிட்டு குடுக்கறான்னு சொல்லுவாங்க.

கே: செகண்ட் ஹேண்ட்ல பிராண்டட் ஆபீஸ் பிசி வாங்கினேன், பேன் சத்தம் தாங்கல. போர்ட எடுத்து வேற கேபினட்ல போட்டுக்கலாமா? (ஓசூர்)

கேபினட் வாங்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலதுல போர்டு வடிவமே தனி, ஸ்க்ரூ ஓட்டை வேற இடத்துல இருக்கும், பவர் கனெக்டர் வழக்கமான 24 பின்னா இருக்காது, பவர் பட்டன் வயரும் அவங்களுக்குன்னு தனி. உள்ள திறந்து 24 பின் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கேபினட் மாத்தற யோசனைய விட்டுட்டு தூசி தட்டி பேஸ்ட் மாத்துங்க, அதே அளவு பேன் புதுசா போடுங்க, ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி ஆக்கிடுங்க. சுத்தற தட்டு போனாலே ஒரு ரீங்காரம் போயிடும்.

கே: வலை வச்ச நல்ல கேபினட், நல்ல பேன், எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன். முதல் அரைமணி அமைதி, அப்புறம் பழையபடி இரைச்சல். கம்ப்யூட்டர் டேபிள்ல கீழ சிபியூ வைக்கற அறை இருக்கு, அதுக்குள்ள கதவோட வச்சிருக்கேன். (தஞ்சாவூர்)

கதவ கழட்டுங்க, பின்பலகையையும் எடுத்துடுங்க. அதுவும் பத்தலன்னா வெளிய எடுத்து, தரைல வைக்காம ஒரு சின்ன ஸ்டூல்ல, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி வைங்க. கேபினட் விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கு.