பிரான்சில் பிரேக் பேட் மாற்றப்போகும் கடலூர்த் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்கும் உதவும். மஞ்சக்குப்பத்திலிருந்து போன வருடம் பாரிஸ் பக்கம் சார்செலுக்கு வந்திருக்கிறீர்கள். 2016 மாடல் ரெனோ கிளியோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறீர்கள். கராஜில் முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, அந்த பேட் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பார்த்து மலைத்துப்போய், அப்பாவைக் கடலூரில் பேட் வாங்கச் சொல்லி ஊரிலிருந்து வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமா, செராமிக் பேட் நல்லதா, டிஸ்க் மாற்றச் சொல்வது ஏமாற்று வேலையா என்று கேட்கிறீர்கள்.

லீவுக்குப் புதுச்சேரி வந்திருக்கிறேன். முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பாரிஸ் புறநகரில் உதிரிபாகக் கடை கவுன்டரில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே பேட் வாங்க வரும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, எது ரொம்ப நாள் வரும்?” பேட் விஷயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டியோடு தொழிற்சாலையில் போட்டுவந்த பேட் எப்படி நிறுத்தியதோ, அப்படியே இதுவும் நிறுத்துமா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஊரிலிருந்து வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கிளியோ இந்தியாவில் விற்கப்படுவதில்லை. ரெனோ ஒரகடத்தில் தயாரித்து விற்பது க்விட், டிரைபர், கைகர் போன்றவை. அப்பா கடையில் போய்க் கேட்டால், நல்ல மனதோடு “ரெனோ டஸ்டர் பேட் செட் ஆகும் சார்” என்று யாராவது எடுத்துக் கொடுத்துவிடலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பேடின் முதுகிலுள்ள இரும்புத் தகட்டின் (பின் தகடு என்பார்கள்) ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காது ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் பேட் அதன் தாங்கியில் இறுகிக்கொள்ளும், சிறிதாக இருந்தால் ஆடும். இதை வைத்து நம் ஊர்ச் சரக்கே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே என்று பிரேக் தொழிலில் நம் சென்னைக்குப் பெரிய பேர் உண்டு. ஏற்றுமதியும் செய்கிறார்கள். உங்கள் வண்டிக்கென்று செய்து, ஐரோப்பிய ஒப்புதல் முத்திரையோடு வந்தால் எந்த ஊரில் தயாரானது என்பது பிரச்சினையே இல்லை.

அந்த முத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் மாற்று பிரேக் பேடுகளுக்கு ஆர்90 என்று ஒரு விதி இருக்கிறது. பேடின் பின் தகட்டில் ஒரு வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும், அதையடுத்து 90ஆர் என்று தொடங்கும் ஒப்புதல் எண் வரும். வட்டத்தில் இருக்கும் எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைச் சொல்கிறது: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். தயாரித்த நாட்டை அது சொல்லாது. இந்த விதிப்படி மாற்று பேடின் நிறுத்தும் திறன் அசல் பேடோடு ஒப்பிடும்போது 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. முன் சக்கரமும் பின் சக்கரமும் பிரேக்கைப் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு அசல் பேடை வைத்துப் போட்டது, ஒரு பக்கம் அளவுக்கு மீறிப் பிடித்தால் அந்தக் கணக்கு கெடும். ஒரு அச்சுக்கு, அதாவது முன் சக்கரம் இரண்டுக்கும், உரிய நாலு பேடும் சீல் வைத்த ஒரே பெட்டியில் வர வேண்டும். சந்தையிலோ தெரிந்தவர் மூலமாகவோ பெட்டியில்லாமல் கிடைக்கும் பேடைத் தொடாதீர்கள். போலிச் சரக்கு அப்படித்தான் கைமாறுகிறது.

ஆர்90 முத்திரை சொல்லாத விஷயங்களும் உண்டு. பேட் எத்தனை நாள் வரும், சத்தம் போடுமா, ரிம்மில் கருப்புத் தூசி படியுமா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. பிராண்டுக்குப் பிராண்டு வித்தியாசம் வருவது இங்கேதான். ஃபெரோடோ, டிஆர்டபிள்யூ, டெக்ஸ்டார், ஆட்டே, பாஷ், பிரெம்போ எல்லாம் கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகம் கொடுக்கும் பேர்கள். இவற்றில் உங்கள் கிளியோவுக்குச் சரியாகப் பொருந்துவது எதுவானாலும் எடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விலை இன்னும் குறைந்த சரக்கிலும் முத்திரை இருக்கும், சட்டப்படி ஓட்டலாம். ஆனால் கொஞ்ச நாளில் கீச்சிடத் தொடங்கிவிட்டது என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செராமிக் பற்றிக் கேட்டீர்கள். அமைதியாக இருக்கும், தூசி குறைவு, ரிம் பளிச்சென்று இருக்கும். ஜப்பான், அமெரிக்க வண்டிகளில் அந்த வகை அதிகம். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் உலோக இழை கொஞ்சம் கலந்த பேடைத்தான் தொழிற்சாலையிலேயே போடுகிறார்கள். தூசி கொட்டும், ஆனால் வேகத்திலும் சூட்டிலும் பிடி விடாது. உங்கள் வண்டிக்கு அசலில் வந்த வகையையே போடுங்கள். ரேஸ் பேட் என்று விற்பதை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம், சூடேறினால்தான் அது பிடிக்கும். ஜனவரி காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது அதற்கு ஏது சூடு?

வேகம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கடலூர்–புதுச்சேரி சாலை முழுக்கச் சமதளம். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் மெதுவாக்கித்தான் போக வேண்டும். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் காய்ந்த நாளில் 130 வரை, மழையில் 110 வரை போகலாம். பிரேக் சுமக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது: 60-இல் நிறுத்துவதைவிட 130-இல் நிறுத்த நாலரை மடங்குக்கு மேல் சூடு பேடில் இறங்கும். பேடில் உள்ள துகள்களைப் பிடித்துவைத்திருப்பது ஒரு வகைப் பிசின். அளவு மீறிச் சூடானால் அது வாயுவை விடும், பிடிமானம் குறையும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து குடும்பத்தோடும் மூட்டைமுடிச்சோடும் இறங்குகிற நாளில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பேடில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று உங்களிடம் இவ்வளவு கெஞ்சுகிறேன். மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுங்கள், சமதளத்தில் வண்டி பழகிய நமக்கு அந்தப் பழக்கம் தானாக வராது.

சரி, டிஸ்க் விஷயம். அது ஏமாற்றாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்த தடிமன் அதற்குக் கீழே போயிருந்தாலோ, நெருங்கியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஏனென்றால் புது பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அளவு விளிம்பு எழும்பியிருப்பது, ஆழமான கோடு, விரிசல் இவையும் காரணங்கள்தான். நம் ஊரில் டிஸ்க்கை லேத் பட்டறைக்கு அனுப்பிச் சீவிப் போடுவார்கள். பிரான்சில் கூலி அதிகம், டிஸ்க் விலை அதைவிடப் பெரிதில்லை, அதனால் சாதாரணக் காருக்கு நேராகப் புதுசு போட்டுவிடுவார்கள். டிஸ்க் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், கூடவே பேடும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய பேடைப் புது டிஸ்க்கில் போட வேண்டாம்.

கராஜுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். “வூ பூவே ம மோந்த்ரே லெப்பேசர்?” என்று கேளுங்கள், தடிமனைக் காட்ட முடியுமா என்று அர்த்தம். ஒழுங்கான மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். காட்ட மாட்டேன் என்றால் தொகை விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேறு கராஜில் இன்னொன்று கேளுங்கள். அந்தத் தாளைத்தான் தெவி என்பார்கள். பேட் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். இன்னொரு ஆதாரமும் உங்கள் கையிலேயே இருக்கும். நாலு வருடத்துக்கு மேற்பட்ட காரை விற்பவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கோன்த்ரோல் டெக்னிக் என்ற வாகனத் தகுதிச் சோதனைச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளை எடுத்து பிரேக் பகுதியைப் பாருங்கள், டிஸ்க் தேய்மானம் சின்னக் குறையாக அப்போதே எழுதியிருந்தால் கராஜ்காரர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சோதனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பெரிய குறை என்று எழுதிவிட்டால் இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும்.

இன்னொன்று. பேட் தடிமனைச் சக்கரத்தின் சந்து வழியாக எட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்புப் போடுகிறார்கள். தேவனாம்பட்டினம் கடற்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியான காலிப்பரின் நகரும் கம்பிகள் துருப்பிடித்து இறுகினால் உட்பக்க பேட் மட்டும் தனியாகத் தேய்ந்துபோகும். பாகூர்க்காரர் ஒருவர் வண்டியில் வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருந்தது, உட்பக்கத்தில் தகடே டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றி நாலு பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். மழைக்கு மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் வரும் கரகர சத்தம் டிஸ்க்கின் மேல்துரு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

நீங்களே பேட் வாங்கினால் வண்டியின் பதிவுச் சான்றிதழான கார்த் கிரீஸில் ‘ஈ’ கட்டத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே வருடக் கிளியோவிலும் வெவ்வேறு கம்பெனி காலிப்பர் இருக்கலாம், பேட் மாறும். முடிந்தால் பழைய பேடில் உள்ள டபிள்யூவிஏ எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், தகட்டின் வடிவத்தை அது சொல்லிவிடும். பெரும்பாலான கிளியோவில் பின் சக்கரத்தில் பேட் இல்லாத டிரம் பிரேக்தான், பின் பேட் என்று யாராவது பில் போட்டால் நின்று கேளுங்கள்.

மாட்டும் வேலையை இந்த முறை கராஜிலேயே செய்துகொள்ளுங்கள். நிறையக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் கார் வேலை செய்ய விதி இடம் தராது. லிஃப்ட் வாடகைக்குத் தரும் செல்ஃப் கராஜ்கள் இருக்கின்றன, அனுபவமுள்ள ஒருவர் கூட வந்தால் பிறகு பழகலாம். வேலை கொடுக்கும்போதே காலிப்பர் கம்பிகளைச் சுத்தம் செய்து கிரீஸ் போடவும், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பார்க்கவும் சொல்லுங்கள். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதில் 230 டிகிரியாவது தாங்க வேண்டியது, ஈரமேறியபின் 155-க்கே கொதிக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பழைய பேடையும் டிஸ்க்கையும் எனக்குக் காட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல முறை அமுக்கிக் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் அவசரம் இல்லாமல், இடைவெளி விட்டு, மிதமாகப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய அவ்வளவு தூரமாவது வேண்டும். அதற்குப் பிறகும் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் அதிர்ந்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தாலோ நெடுஞ்சாலையில் ஏறாமல் நேரே அதே கராஜுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.