தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா: ஊருக்குக் கிளம்பும் முன்

கேள்வி: ஹுவா ஹின்னில் இருக்கிறேன். ஓய்வுக்கால நீட்டிப்பு (தாய்லாந்தில் தங்கும் காலத்தை ஒரு வருடம் நீட்டித்த அனுமதி) மார்ச் 20 வரை இருக்கிறது. டிசம்பரில் பேத்தி கல்யாணத்துக்குக் கோவை போகிறேன். திரும்பி வர விசா போதாதா?

போதாது. ரீ-என்ட்ரி பெர்மிட் (அதே நீட்டிப்போடு திரும்பி நுழைய முன்கூட்டியே வாங்கும் அனுமதி) இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால், வெளியேறும் முத்திரை விழுந்த அந்த நொடியே உங்கள் நீட்டிப்பு ரத்தாகிவிடும். மூன்றே நாள் போய்வந்தாலும் இதே கதிதான்.

உங்கள் பகுதி இமிக்ரேஷன் அலுவலகத்தில் இந்தப் பெர்மிட்டுக்கான டிஎம் 8 படிவம், 4x6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட், அதன் நகல்கள் கொடுங்கள். ஒரு முறை போய்வர 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்). எத்தனை முறையும் போய்வர 3,800 பாட். வருடத்தில் நான்கு பயணம் இருந்தால்தான் இரண்டாவது லாபம். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் வாங்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை குத்துவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கடைசி நேர ஓட்டம் வேண்டாம், அலுவலகத்திலேயே முடித்துவிடுங்கள்.

திரும்பும்போது, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். கவுன்டரில் பெர்மிட் முத்திரை உள்ள பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். அவர்கள் குத்தும் தேதி மார்ச் 20 தானா என்று அங்கேயே பாருங்கள். சுற்றுலாப் பயணி கணக்கில் வேறு தேதி விழுந்திருந்தால், நகராமல் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்த அலைச்சல்தான். 90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்கு முகவரியைத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கைக்கான கணக்கு, திரும்பி வந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: பலமுறை பெர்மிட் வைத்திருக்கிறேன். பிப்ரவரியிலேயே அடுத்த வருட நீட்டிப்பும் வாங்கிவிட்டேன். பழைய பெர்மிட் செல்லும்தானே?

விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் இது. பெர்மிட்டின் ஆயுள், அதை வாங்கியபோது இருந்த நீட்டிப்போடு முடிந்துவிடும். பழைய நீட்டிப்பு மார்ச் 20 வரை என்றால், மார்ச் 10 கிளம்பி ஏப்ரல் 5 திரும்பும்போது உங்கள் பெர்மிட் காலாவதியாகியிருக்கும். புதிய நீட்டிப்பும் அதோடு போகும். புதிய தேதிக்குப் புதிய பெர்மிட் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பெர்மிட் வாங்காமல் போய் வந்துவிட்டேன். சுற்றுலா முத்திரை குத்திவிட்டார்கள். பழையதை மீட்க முடியுமா?

முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். தங்க அனுமதித்த நாட்களில் குறைந்தது 15 நாள் மிச்சமிருக்கும்போதே, குடியேற்றம் அல்லாத 'ஓ' விசாவாக மாற்ற விண்ணப்பியுங்கள். கட்டணம் 2,000 பாட். 90 நாள் கிடைக்கும். அதன் கடைசி 30 நாளில் ஒரு வருட நீட்டிப்புக்கு 1,900 பாட் கட்டி விண்ணப்பிக்கலாம். வங்கி இருப்பைக் காட்டுவதானால், தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8,00,000 பாட், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் 4,00,000-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஊரில் கல்யாணம், வைத்தியம் என்று இதிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த வருடம் நீட்டிப்பு மறுக்கப்பட்டு நிற்பவர்கள் உண்டு. அந்தச் செலவுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊரில் இருக்கும்போதே நீட்டிப்பு முடிந்தால்?

பெர்மிட்டும் முடிந்தது. நீட்டிப்புக்குத் தாய்லாந்தில் நேரில் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். திரும்பும் டிக்கெட்டை முடிவுத் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகப் போடுங்கள்.