சிங்கப்பூரில் இறந்த பட்டாளத்துத் தாத்தா: எங்கிருந்து தேடுவது?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் முனுசாமி, இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவர், திரும்பி வரவில்லை. "சிங்கப்பூர்ல போயிட்டாரு" என்று மட்டும் பாட்டி சொல்வார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். நட்சத்திர வடிவப் பதக்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் எங்கே, எப்போது இறந்தார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். அந்தப் போருக்கான நட்சத்திரப் பதக்கங்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுடையதில் பெரும்பாலும் பின்பக்கம் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்து, மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இதில் பெயரைவிட எண்தான் முக்கியம். உங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன முனுசாமிகள் ஒருவர் இருவரா என்ன!

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் பணியில் இருந்தபோது இறந்தவர்களின் பதிவு அங்கே இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது. முதல் உலகப் போரில் போனவர் என்றாலும் இதே இடம்தான்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். இனிஷியல் இருக்காது, ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். முனுசாமியின் 'மு'வுக்கு 'யு'வா இரண்டு 'ஓ'வா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா, நடுவில் 'சாமி'யா 'ஸ்வாமி'யா என்பதெல்லாம் அன்றைக்கு எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. அதனால் நான் பெயரில் தொடங்குவதே இல்லை. இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மாவட்டத்தையோ ஊரையோ போட்டுப் பார்ப்பேன். வேலூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது, அப்போது அது வட ஆற்காடு. பதிவு கிடைத்தால் பெரும்பாலும் "இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆற்காடு" என்று ஒரு வரி இருக்கும். சிலருக்கு மனைவி பெயரும் இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் ஒத்துப்போனால் ஆள் அவர்தான்.

நாட்டுக் கட்டத்தில் சிங்கப்பூர் என்று போட்டுத் தேடலைச் சுருக்க வேண்டாம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரை ஜப்பானியர் நியூ கினி வரைக்கும் கப்பலில் அனுப்பினார்கள். அங்கே லே என்ற ஊரிலுள்ள போர்க் கல்லறையில் அவர்களில் பலர் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த கடைசிச் செய்தி சிங்கப்பூரிலிருந்து என்பதால் பாட்டி அப்படிச் சொல்லியிருக்கலாம்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையா? அவர் உண்மையிலேயே சிப்பாய்தானா, அல்லது போரின்போது ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளியா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்தத் தொழிலாளர்கள் படையினர் இல்லை, ஆணையத்தின் பட்டியலில் வர மாட்டார்கள். பிடிபட்ட பிறகு நேதாஜியின் படையில் சேர்ந்து இறந்திருந்தாலும் அங்கே தேடிப் பயனில்லை. ஆனால் உங்கள் கையில் பதக்கம் இருப்பதால், அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் சேப்பர்ஸ் எனும் பொறியாளர் படைப்பிரிவு என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். எண், பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதி, பதக்கத்தின் படத்தையும் இணைத்துக் கடிதம் போடுங்கள். பழைய சிப்பாய்களின் கோப்புகள் எல்லாமே மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. எண் இல்லாமல் எழுதினால் பதிலையே எதிர்பார்க்காதீர்கள். ஆணையத்தின் பதிவில் பெயரோ ஊரோ தப்பாக இருந்தால், சான்று காட்டித் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவகத் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவிடம் உண்டு. நேரில் போவதாக இருந்தால் ஆணையத்தின் பதிவில் உள்ள தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே இருப்பவை 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அண்ணாந்து நின்று தேடினால் கழுத்துதான் வலிக்கும்.