'பாய்காட்' என்றால் வெறுமனே வராமல் இருப்பதா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறோம். 'வீ வில் பாய்காட் ஃப்ரம் தி மீட்டிங்' என்பது சரியா? 'பாய்' என்றால் பையன்தானே, இந்தச் சொல் அதிலிருந்தா வந்தது?

பதில்: 'ஃப்ரம்' வேண்டாம், எடுத்துவிடுங்கள். எதைப் புறக்கணிக்கிறீர்களோ அது வினையை ஒட்டியே வரும்: 'வீ வில் பாய்காட் தி மீட்டிங்'. பெயர்ச்சொல்லாக எழுதும்போது மட்டும் 'எ பாய்காட் ஆஃப் தி மீட்டிங்'.

பையனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒருவரின் குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர். விளைச்சல் மோசமானதால் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள் குடியானவர்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பரில் பாய்காட் அவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றப் பார்த்தார்.

அந்த மாதம் 19ஆம் தேதிதான் எனிஸ் நகரில் அயர்லாந்து அரசியல் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் பேசியிருந்தார்: வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எவன் எடுக்கிறானோ, அவனைக் கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட ஒதுக்கிவையுங்கள் என்று. மேயோ மக்கள் அதை பாய்காட்டிடமே செய்துகாட்டினார்கள். வேலையாட்கள் விலகினார்கள், கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. கடைசியில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து 50 பேரை வரவழைத்து, படைக் காவலோடு அறுவடை நடந்தது. காவலுக்கு ஆன செலவு பயிரின் மதிப்பைவிடப் பல மடங்கு! டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே போனார். அதற்குள் பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டன. ஏழை உழவர்களின் ஒற்றுமை மொழிக்குத் தந்த சொல் இது என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

சொல்லின் பொருளும் அங்கேயே இருக்கிறது: எதிர்ப்பைக் காட்டுவதற்காக, பெரும்பாலும் பலர் சேர்ந்து, ஒதுக்கிவைப்பது. காய்ச்சலால் கூட்டத்துக்குப் போகாதது பாய்காட் ஆகாது. 'பேன்' என்பதும் வேறு. அது அதிகாரம் உள்ளவர் விதிக்கும் தடை. அமெரிக்காவின் மான்ட்கோமரியில் 1955-56இல் கறுப்பின மக்கள் நிறப் பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்களே, அது பாய்காட்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் காரணத்தையும் சேர்த்துவிடுங்கள். 'இன் ப்ரொடெஸ்ட் அகைன்ஸ்ட்' என்று தொடங்கி, பராமரிப்புக் கட்டண உயர்வோ வேறு எதுவோ, அதை அடுத்து எழுதினால் போதும்.