சுன்னாகத்துக் கணினியை யார் தேடப் போகிறார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சுன்னாகம்): எங்கள் கடையில் இருப்பது படிவம் தட்டச்சுச் செய்யும் பழைய கணினி ஒன்று மாத்திரமே. அதற்குள் புகுந்து யாருக்கு என்ன இலாபம்?

பதில்: உங்கள் கடையைத் தெரிந்தெடுத்து எவரும் வருவதில்லை. இணையத்தில் இணையும் கருவிகள் எண்களாலான முகவரி ஒன்றின் மூலமே அறியப்படுகின்றன. அதன் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள் உள்ளன. அவை முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இலேயே செய்து காட்டினார்கள். அப்படித் தட்டும் நிரலுக்குச் சுன்னாகமும் சிக்காகோவும் ஒன்றுதான். திறந்து கிடப்பது எதுவோ, அதன் வழியாக மோசடி மின்னஞ்சல் அனுப்புவார்கள், அல்லது அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வேறொருவரைத் தாக்குவார்கள்.

கேள்வி (பருத்தித்துறை): கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய கமராவை வீட்டில் பூட்டியிருக்கிறோம். கமராவுக்கும் வைரஸ் வருமா?

பதில்: வரும். இணையத்தில் இணைந்த கமராவும் றவுட்டரும் சிறிய கணினிகளே. 2016இல் பரவிய மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் இட்டு அனுப்பும் வழக்கமான பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகள் அறுபது சொச்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகளைத் தன்வசப்படுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 அன்று அது, தளங்களின் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தேடித் தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே பலரால் திறக்க முடியவில்லை. அந்தக் கருவிகளின் உரிமையாளர்களுக்கோ எதுவும் தெரியவில்லை. கமரா வழமைபோல் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால், கமராவை நிறுத்திப் போட்டால் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். ஆகவே அண்ணாவிடம் கேட்டாவது அதை இன்றே மாற்றிவிடுங்கள். வீட்டின் உட்புறம் அந்நியர் கண்ணில் படக்கூடிய விடயம் இது என்பதால் வற்புறுத்தியே சொல்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி): உலகில் எத்தனை கணினிகள் இப்படிப் பிறர் வசப்பட்டுள்ளன?

பதில்: துல்லியமான தொகை எவரிடமும் இல்லை, காரணம், எண்ணப்படுவது கணினிகள் அல்ல, முகவரிகள். ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு பாடசாலையின் கணினிகள் அனைத்தும் இருக்கலாம். முகவரி அடிக்கடி மாறும் ஒரே மடிக்கணினி பத்துத் தடவை எண்ணப்படவும் கூடும். ஆயினும் கொன்பிக்கர் என்ற புழுவை, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நச்சுநிரலைப் பாருங்கள்: அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2008 ஒக்டோபரில் வெளியிட்டது, புழு பரவத் தொடங்கியது நவம்பரில். அப்படியிருந்தும் அது பல இலட்சம் கணினிகளில் புகுந்து, ஆண்டுகள் பல சென்றும் நீங்காதிருந்தது.

கேள்வி (கொக்குவில்): கடையில் போட்டுத் தந்த உரிமமற்ற விண்டோஸ் 10 நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பதில்: வேலை செய்யும். ஆனால் அப்படிப் போடும்போது புதுப்பித்தலை நிறுத்திவிடுவது பலரது வழக்கம். எனக்குப் பெரிதும் கவலை தருவது அதுவே. 2017 மே 12 அன்று வெளிப்பட்ட வன்னாகிரை என்ற நச்சுநிரல் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதியே வந்திருந்தது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கணினி உடனே வாங்க இயலாதாயின், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வகை ஒன்றை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். அதற்கு முன் படங்களையும் பத்திரங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இணைந்தே கிடக்கும் பிரதியையும் இத்தகைய நிரல் பூட்டிவிடும்.